புள்ளி அட்டை, அங்கத்துவக் கட்டணம், மொத்த மூடை: திருகோணமலை வீட்டுக்கு எதில் மிச்சம்?

சுப்பர்மாக்கெட்டில் காசு கட்டும்போது போன் நம்பரைச் சொன்னால் புள்ளி சேரும். வங்கிக் கடனட்டையை நீட்டினால் மரக்கறிக்கும் பழத்துக்கும் விலைக்கழிவு. கனடாவில் இருக்கிற மச்சாள் ஆண்டுக் கட்டணம் கட்டி அங்கத்துவம் எடுத்த களஞ்சியக் கடையில் பெட்டி பெட்டியாக வாங்கி ஊருக்கும் அனுப்புகிறார். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டு, "கார்ட் இருந்தால் மலிவு" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்றும் மூன்று கணக்கு. ஒன்றில் கடைக்கு முற்பணம் கொடுக்கிறோம். ஒன்றில் நாம் என்ன வாங்குகிறோம் என்ற தகவலைக் கொடுக்கிறோம். மற்றதில் வங்கியிடம் கடன் எடுக்கிறோம்.

மாதச் சாமான் கணக்கைக் கொப்பியில் எழுதுகிற வீடுகளில் திரும்பத் திரும்பத் தெரியவருவது இதுதான்: மிச்சம் முதலில் கிலோ விலையில் இருக்கிறது. அடுத்து, வாங்கியது கெடாமல் முடிகிறதா என்பதில். மூன்றாவது ஓட்டோக் காசில். அட்டை நாலாவது இடத்தில்தான் வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, அட்டையை முதலில் பார்த்துப் பொருளைப் பிறகு பார்க்கிற வீட்டில் மாதக் கடைசியில் கை கடிக்கும்.

கட்டணம் கட்டி நுழைகிற கடை

திருகோணமலையில் அப்படி ஒரு கடை இல்லை. ஆனாலும் அதன் கணக்கு எங்களுக்கும் தேவை. கனடா, இலண்டன், அவுஸ்திரேலியா என்று உறவுகள் பரந்திருப்பதால் அந்தச் சாமான் உப்புவெளிக்கும் பாலையூற்றுக்கும் பெட்டியில் வந்து சேர்கிறது. "நாங்களும் அப்படி மொத்தமாக வாங்கினால் என்ன" என்ற யோசனையும் அதோடு சேர்ந்தே வருகிறது.

இந்த வகைக் கடை 1976இல் அமெரிக்காவின் சான்டியேகோவில் பிரைஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கியது. இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் கிளைகள் உள்ள கொஸ்கோ 1983இல் சியாட்டிலில் தொடங்கியது; 1993இல் இரண்டும் ஒன்றாயின. வழமையான பெரிய சுப்பர்மாக்கெட்டில் முப்பதாயிரம் வகைச் சாமான் இருக்கும் என்றால் கொஸ்கோவில் சுமார் நாலாயிரம்தான். ஒரே வகையை மலை போல எடுப்பதால் கொள்விலை இறங்குகிறது. அதன்மேல் கடை வைக்கிற இலாபத்துக்கும் ஒரு மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள்: பிற கம்பனிப் பொருளுக்குச் சுமார் 14%, சொந்தப் பெயரில் விற்பதற்கு 15%. இவ்வளவு குறைவாக வைத்தும் அவர்களுக்குக் கட்டுப்படியாவதற்குக் காரணம் அங்கத்துவக் கட்டணம். 2024 நிதியாண்டில் அந்தக் கட்டணமாக மட்டும் சுமார் 4.8 பில்லியன் டொலர் வந்தது. அந்த ஆண்டின் தேறிய இலாபம் சுமார் 7.4 பில்லியன். அதாவது, சாமானைக் குறைந்த இலாபத்தில் விற்று, கதவில் வாங்குகிற காசில் கடை நிற்கிறது. ஆகவே கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போகாமல் இருக்கிறவர்தான் அந்தக் கடைக்கு மிக இலாபமான ஆள்.

2024 செப்டெம்பர் முதல் கனடாவிலும் அமெரிக்காவிலும் சாதாரண அங்கத்துவம் ஆண்டுக்கு அந்தந்த நாட்டு டொலரில் 65, உயர்ந்த அங்கத்துவம் 130. உயர்ந்ததில் வாங்கிய தொகைக்கு 2% திரும்ப வரும், ஆண்டுக்கு 1,250 டொலர் வரை. கணக்கு எளிது. மேலதிகமாகக் கட்டும் 65 டொலரைத் திரும்ப எடுக்க ஆண்டுக்கு 3,250 டொலருக்கு வாங்க வேண்டும். மாதத்துக்குச் சுமார் 271. பிள்ளைகள் உள்ள வீட்டில் இது வரும். தனியாக இருக்கிற அம்மாவுக்கோ, படிக்கப் போன தம்பிக்கோ வராது. சாதாரண 65 டொலரையும் அப்படியே பார்க்கலாம். நீங்கள் வாங்குகிற சாமானில் மற்றக் கடையைவிடச் சராசரியாக 10% மிச்சம் என்றால், முதல் 650 டொலர் வரை கட்டணம்தான் மீளும். அதற்குப் பிறகு வருவதுதான் உங்களுடையது. ஓர் அங்கத்துவத்தில் அதே வீட்டு முகவரியில் இருக்கும் இன்னொருவருக்கும் அட்டை கிடைக்கும். திருப்தி இல்லாவிட்டால் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். இது பலருக்குத் தெரியாமல் ஆண்டாண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகிறார்கள். கனடாக் கிளைகளில் கடனட்டை என்றால் மாஸ்டர்கார்ட் மட்டும்தான். வேறு அட்டையோடு புதிதாகப் போகிறவர் வண்டில் நிறையச் சாமானுடன் நின்று முழிக்க நேரும்.

இனி ஊருக்கு அனுப்பும் பெட்டி. இங்கேதான் உறவுகளின் காசு பெரிதாகப் போகிறது. கடல்வழிப் பெட்டிக்கு 120 டொலர், அதில் 50 கிலோ அடுக்கலாம் என்று எடுத்துக்காட்டாக வைப்போம். ஒரு கிலோவுக்கு 2.40 டொலர் கப்பல் காசு. டொலரை 200 ரூபா என்று குறைத்து வைத்தாலும் கிலோவுக்கு 480 ரூபா, சாமானின் விலைக்கு மேலே. இந்தக் கணக்கில் சீனி, மா, அரிசி எல்லாம் அங்கே சும்மா கிடைத்தாலும் ஊரில் வாங்குவதைவிடக் கூடத்தான் வரும். எடை குறைவாகவும் விலை கூடவும் உள்ளவைதான் தாங்கும்: பாதாம், முந்திரிப் பருப்பு, கோப்பி, நல்ல சப்பாத்து, பிள்ளைகளின் குளிர்ச் சட்டை அல்லாத உடுப்பு. சொக்லேட் வெப்பக் கடலைத் தாண்டி வரும்போது உருகி மீண்டும் உறைந்து மேலே வெள்ளை படியும். அது பூஞ்சணம் இல்லை, கொழுப்பு மேலே வந்தது. சாப்பிடலாம், ஆனால் சுவை குறைந்திருக்கும். பெட்டி வாரக்கணக்கில் வழியில் இருக்கும் என்பதால், வாங்கும்போதே காலாவதித் தேதி குறைந்தது எட்டு மாதம் தள்ளி இருக்கிறதா என்று பார்த்து அனுப்பச் சொல்லுங்கள். அன்போடு அனுப்புகிறவரிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் அதே 120 டொலரைக் காசாக அனுப்பினால் இங்கே இரண்டு மூடை அரிசியும் அதற்கு மேலும் வரும் என்று சொல்லிவிடுவது அவருக்கும் நல்லது.

புள்ளியின் உண்மையான பெறுமதி

எங்கள் நகரத்தின் கார்கில்ஸ் புட்சிற்றி போன்ற சங்கிலிக் கடைகளில் நுழையக் கட்டணம் இல்லை. அதனால் "சும்மா கிடைப்பதுதானே" என்று தோன்றும். எந்தத் திட்டமானாலும் அதன் பெறுமதியை உங்கள் கையில் உள்ள பில்லை வைத்தே கண்டுபிடிக்கலாம். பில்லின் அடியில் இன்று சேர்ந்த புள்ளி எத்தனை என்று இருக்கும். ஒரு புள்ளியைச் செலவழிக்கும்போது எத்தனை ரூபா கழிக்கிறார்கள் என்று கேட்டு, புள்ளியை அதனால் பெருக்கி, பில் தொகையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 5,000 ரூபா பில்லுக்கு 25 புள்ளி, ஒரு புள்ளி ஒரு ரூபா என்றால் 0.5%. வெளிநாட்டுப் பெரிய திட்டங்களும் இந்த அளவில்தான் நிற்கின்றன. இங்கிலாந்தில் 1995இல் வந்த டெஸ்கோ கிளப்கார்டில் ஒரு பவுணுக்கு ஒரு புள்ளி, நூறு புள்ளிக்கு ஒரு பவுண்; அது 1%.

0.5% என்றால் எவ்வளவு என்பதை மனதில் வையுங்கள். மாதம் 40,000 ரூபாவுக்கு வாங்கினால் 200 ரூபா. அந்தப் புள்ளிக்காக மற்றக் கடையில் கிலோவுக்குப் பத்து ரூபா குறைவான சீனியை விட்டுவிட்டு இங்கே எடுத்தால், நாலு கிலோவில் 40 ரூபா போய்விடும். பருப்பு, அரிசி, வெங்காயம், மா என்று இன்னும் நாலு சாமானில் அப்படி நடந்தால் 200 ரூபாவும் தீர்ந்தது. புள்ளியை வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படியும் அந்தக் கடையில் வாங்க வேண்டியதை வாங்கும்போது நம்பரைச் சொல்லுங்கள். புள்ளிக்காகக் கடையை மாற்றாதீர்கள். "இன்னும் 600 ரூபாவுக்கு வாங்கினால் இரட்டைப் புள்ளி" என்பதற்காகத் தட்டுக்குத் திரும்பவும் போகாதீர்கள்.

புள்ளியைவிட, அங்கத்தவருக்கு மட்டும் என்று ஒட்டியிருக்கும் விலை பெரியது. இதில் ஒரு சந்தேகம் எல்லா ஊரிலும் உண்டு: வழமையான விலையை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு அங்கத்தவருக்கு இறக்குகிறார்களோ என்று. இங்கிலாந்தில் போட்டி மற்றும் சந்தைகள் அதிகார சபை இதைச் சோதித்து 2024 நவம்பரில் முடிவை வெளியிட்டது. சுமார் 50,000 பொருட்களின் விலையை ஆராய்ந்ததில் 92% உண்மையான குறைப்பாகவே இருந்தது. ஐந்து பெரிய கடைகளிலும் அங்கத்தவர் விலை வழமையான விலையைவிடச் சராசரியாக 17 முதல் 25% குறைவு. ஆனால் அதே அறிக்கை, அங்கத்தவர் விலைதான் ஊரில் மிகக் குறைந்த விலை என்று நினைக்க வேண்டாம், மற்றக் கடையையும் பாருங்கள் என்றும் சொன்னது. அது அந்த நாட்டுச் சந்தை, எங்களுடையது இல்லை. ஆனாலும் அந்தக் கடைசி அறிவுரை மத்திய வீதிக்கும் பொருந்தும். ஒரு கடையின் "முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு" என்ற ஒப்பீட்டை நம்புவதைவிட, நீங்கள் மாதாமாதம் வாங்குகிற பதினைந்து சாமானின் கிலோ விலையைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் எழுதினால் எது உண்மையான மலிவு என்று பார்த்ததும் தெரியும்.

ஒரே கம்பனியின் சிறிய பக்கெற்றையும் பெரிய பக்கெற்றையும் ஒப்பிடும்போது 100 கிராமுக்கு என்ன விலை என்று பாருங்கள்: விலையைக் கிராமால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 400 கிராம் பால்மா 1,050 ரூபா, ஒரு கிலோ 2,650 ரூபா என்று ஒரு விலை இருந்தால், முதலாவது 100 கிராம் 262.50, இரண்டாவது 265. பெரிது மலிவு என்ற நினைப்பு அங்கே தோற்கிறது. டின் மீனில் இன்னும் கவனம் வேண்டும். 425 கிராம் என்பது தண்ணீரோடு சேர்ந்த எடை. வடித்த எடை தனியாக அச்சிட்டிருக்கும். அந்த எடையால்தான் வகுக்க வேண்டும்.

கடனட்டை விலைக்கழிவு

வார இறுதியில் குறித்த வங்கிகளின் கடனட்டைக்கு மரக்கறி, பழம், மீன், இறைச்சியில் 20%, 25% என்று சுப்பர்மாக்கெட்டுகள் கொடுக்கின்றன. பார்க்கப் பெரிய தொகை. ஆனால் மூன்று இடத்தில் கசியும். ஒன்று, கழிவுக்குரிய பில் தொகைக்கு மேல்வரம்பு இருக்கும். அதற்கு மேல் வாங்கியதற்குக் கழிவு இல்லை. இரண்டு, மரக்கறியின் தொடக்க விலை. தம்புள்ளையிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக லொறியில் வருகிற அதே மரக்கறிதான் நகரச் சந்தையிலும் விற்கிறது. சந்தை விலையைக் காலையில் கேட்டு வைத்துக்கொண்டு போனால், 20% கழித்த பிறகும் சில மரக்கறி சந்தை விலைக்கே வருவது தெரியும். கரட், லீக்ஸ், அப்பிள் போன்றவற்றில் கழிவு உண்மையாக நிற்கும். கீரை, கத்தரிக்காய், வெண்டிக்காயில் பெரும்பாலும் நிற்காது. மீனைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. கொட்பேயிலும் கிண்ணியாவிலும் மீன் இறங்குகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு ஐஸில் கிடக்கிற மீனுக்குக் கழிவு தேடக்கூடாது.

மூன்றாவது கசிவுதான் ஆபத்தானது. கடனட்டைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 28% வட்டிதான் அறவிடலாம் என்று இலங்கை மத்திய வங்கி 2023 ஆகஸ்டில் வரம்பு வைத்தது. உங்கள் அட்டையின் இன்றைய வீதம் மாதக் கூற்றில் இருக்கும். 28% என்றே வைத்துப் பாருங்கள்: 40,000 ரூபா நிலுவையை ஒரு மாதம் தள்ளினால் வட்டி சுமார் 930 ரூபா. 4,000 ரூபா மரக்கறிக்கு 20% கழிவு என்பது 800 ரூபா. மாதம் முழுதும் சேர்த்த கழிவை ஒரு மாத நிலுவை விழுங்கிவிட்டது. இன்னொன்று பலர் அறியாதது: முழுத் தொகையையும் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், அடுத்து வாங்குகிற சாமானுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காமல் போகலாம், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கூற்று வந்ததும் முழுவதும் கட்டுகிற பழக்கம் உள்ளவருக்கு இந்தக் கழிவு நல்ல காசு. மற்றவர்கள் பற்று அட்டைக்கும் கழிவு உண்டா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் கைக்காசோடு சந்தைக்குப் போகட்டும்.

மூடையாக வாங்குவது

களஞ்சியக் கடை இல்லாத ஊரில் அதன் வேலையைச் செய்வது மொத்தக் கடையும் அரிசி ஆலையும்தான். தம்பலகாமம், கந்தளாய், மூதூர், கிண்ணியா என்று சுற்றிவர நெல் விளைகிற மாவட்டத்தில் அரிசியை ஐந்து கிலோப் பையில் வாங்குவது வீண். பெரும்போக அறுவடை முடிகிற பெப்ரவரி, மார்ச்சிலும், சிறுபோகம் முடிகிற ஆகஸ்ட், செப்டெம்பரிலும் விலை இறங்கும். ஆனால் புது அரிசி குழையும், குறைவாகத் தண்ணீர் குடிக்கும், பானையில் குறைவாகப் பொங்கும். பழைய அரிசி கூடச் சோறாகும். கிலோ விலையில் பத்து ரூபா குறைவு என்று பார்க்கிறபோது இதையும் சேர்த்துப் பாருங்கள். ஆலையில் கேட்டால் எந்தப் போகத்து நெல் என்று சொல்வார்கள்.

எவ்வளவு வாங்குவது என்பதை வண்டு தீர்மானிக்கிறது. அரிசி வண்டு மணிக்குள்ளேயே முட்டையிடும். எங்கள் வெப்பத்தில் முட்டை வண்டாகி வெளியே வரச் சுமார் நாலைந்து வாரம். அதனால் ஆலையிலோ களஞ்சியத்திலோ ஏறிய முட்டை, வாங்கி ஒரு மாதம் தாண்டும்போது ஒன்றாக வெளியே வருகிறது. "நேற்று வரை நல்லாத்தான் இருந்தது" என்று சொல்ல வைக்கிறது. ஒருவருக்கு நாளுக்கு 250 முதல் 300 கிராம் அரிசி என்று வைத்தால், நாலு பேர் வீட்டுக்கு 25 கிலோ மூன்று, மூன்றரை வாரம் வரும். வண்டு வெளியே வரும் முன் முடிந்துவிடும். இரண்டு வயதானவர்கள் மட்டும் உள்ள வீட்டில் அதே மூடை ஆறேழு வாரம் கிடக்கும். அவர்களுக்கு 10 கிலோப் பைதான் மலிவு, கிலோ விலை கூட இருந்தாலும்.

கூட நாள் வைக்க வேண்டுமென்றால் புழுங்கல் அரிசியைத் தேர்ந்தெடுங்கள். மணி கடினம், பச்சையரிசியைவிட வண்டுக்குத் தாங்கும். தீட்டாத சிவப்பரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறல் வாடை வரும். அதை ஒரு மாதத்துக்கு மேல் வாங்க வேண்டாம். 25 கிலோ அரிசி சுமார் 32 லீற்றர் இடம் பிடிக்கும். எனவே 35 லீற்றர் மூடி இறுகிய பிளாஸ்டிக் வாளி ஒன்று போதும். பழைய அரிசி முழுவதும் முடிந்து, வாளியைத் துடைத்துக் காயவைத்த பிறகே புதிதைக் கொட்ட வேண்டும். மேலாலே கொட்டினால் அடியில் இருக்கிற வண்டு புதிதுக்கு ஏறும். பெரிய பிரிட்ஜ் உள்ளவர்கள் இரண்டு கிலோப் பைகளாகக் கட்டி, உறைபெட்டியில் நாலு நாள் வைத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் ஈரம் படியாது. வெயிலில் காயப்போடுவது நெல்லுக்குச் சரி. தீட்டிய அரிசி கடும் வெயிலில் வெடித்துக் குறுணலாகும்.

நவம்பர், டிசம்பர் வாடைமழை நாட்களில் மூடையைச் சிமெந்துத் தரையில் வைக்கவே கூடாது. நாலு விரல் உயரப் பலகை மேல், சுவரைத் தொடாமல். கோதுமை மா, கடலை மா, மிளகாய்த்தூள் மூன்றையும் அந்த மாதங்களில் மொத்தமாக வாங்காதீர்கள். மா கட்டியாகும், புழு வைக்கும். மிளகாய்த்தூளில் பூஞ்சணம் பிடித்தால் கண்ணுக்கு உடனே தெரியாது, உடம்புக்கு மிகக் கெடுதல். செத்தல் மிளகாயாக வாங்கி, வெயில் கிடைத்த நாளில் காயவைத்து, மாதத்துக்குத் தேவையான அளவை மட்டும் மில்லில் அரைப்பது நல்லது. மைசூர்ப் பருப்பை இறுகிய டப்பாவில் வைத்தால் மூன்று மாதம் பயமில்லை. பயறும் கௌப்பியும் அப்படியில்லை. அவற்றின் வண்டு சீக்கிரம் வரும். சவர்க்காரம், பற்பசை, உப்பு, தேயிலை எல்லாவற்றையும் விலை இறங்கும்போது ஆறு மாதத்துக்கு எடுத்தாலும் நட்டமில்லை. சவர்க்காரக் கட்டி காயக் காய நீண்ட நாள் வரும்.

வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் தனிக் கணக்கு. 25 கிலோ வெங்காயத்தில் மூன்று கிலோ அழுகினால் உங்களுக்குக் கிடைத்தது 22 கிலோ. கொடுத்த காசை 22ஆல் வகுத்தால் கிலோ விலை கிட்டத்தட்ட 14% ஏறியிருக்கும். மொத்தக் கடை 10% குறைத்துத் தந்திருந்தால் மிச்சம் எங்கே? மூடையைக் கடையிலேயே அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தில் கையை விட்டு ஈரம் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பரப்பி, கழுத்து மென்மையாக உள்ள வெங்காயத்தை முதலில் சமையுங்கள். கிழங்கை வெங்காயத்தோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

போக்குவரத்தை மறக்க வேண்டாம். 50 கிலோ சீனியில் கிலோவுக்குப் பத்து ரூபா மிச்சம் என்றால் 500 ரூபா. நிலாவெளியிலிருந்து ஓட்டோ பிடித்துப் போய் வந்தால் அந்த 500 போதாது. வேறு வேலையாக நகருக்கு வருகிற நாளில், பட்டியலோடு, இரண்டு மூன்று மூடையை ஒன்றாக ஏற்றினால்தான் கட்டும்.

இந்த இடத்தில்தான் நாலு வீடு சேர்ந்து வாங்குவது நல்ல பலன் தருகிறது. ஒரு வளவில் அல்லது ஒரு ஒழுங்கையில் இருக்கிற நாலு வீடு போதும். எட்டு வீடு சேர்ந்தால் குழப்பம்தான் கூடும். சீட்டுப் பிடிக்கிற பழக்கம் உள்ள இடத்தில் இது சுலபமாக நடக்கும், ஏனென்றால் கணக்கும் நம்பிக்கையும் ஏற்கெனவே இருக்கிறது. காசை முதலில் சேர்த்துவிட்டே வாங்கப் போக வேண்டும். ஒருவர் கைக்காசைப் போட்டுவிட்டுப் பிறகு வசூலிப்பது உறவைக் கெடுக்கும். மூடையைக் கடைத் தராசில் ஏற்றி எடையை எழுதுங்கள். 50 கிலோ என்று அச்சிட்ட மூடை அரை கிலோ குறைவாக இருந்தால், அங்கேயே சொன்னால்தான் பலன் உண்டு. வீட்டில் பிரிக்கும்போது ஒரே தராசு, ஒரே பாத்திரம். பாத்திரத்தின் எடையை முதலில் பூச்சியம் ஆக்குங்கள். அரிசி மூடையின் அடியில் குறுணலும் தூசும் தங்கும். முழுவதையும் பாயில் கொட்டிக் கலந்துவிட்டுப் பிரித்தால் கடைசியாக எடுப்பவர் முகம் சுளிக்கமாட்டார். ஓட்டோக் காசு கிலோக் கணக்கில் பிரியட்டும், வீட்டுக் கணக்கில் அல்ல. இரண்டு கிலோ எடுத்தவரும் இருபது கிலோ எடுத்தவரும் ஒரே தொகை கட்டினால் அடுத்த மாதம் சிறிய வீடு விலகிவிடும்.

சந்திக் கடைக் கொப்பியும் சங்கக்கடையும்

அட்டை வருவதற்கு எவ்வளவோ முன்பே எங்களிடம் இருந்த வாடிக்கையாளர் திட்டம் சந்திக் கடையின் கடன் கொப்பி. வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்க, வள்ளம் இறங்காத வாரங்களில் மீன்பிடிக் குடும்பத்துக்கு அரிசியும் பாணும் கொடுப்பது அந்தக் கொப்பிதான். எந்தச் சுப்பர்மாக்கெட்டின் புள்ளியும் அதைச் செய்யாது. ஆனால் அதற்கும் விலை உண்டு. நிறுத்து விற்கிற சாமானில் கிலோவுக்கு ஐந்து, பத்து ரூபா கூட இருக்கும். அதைக் குறைக்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது: பால்மா, சவர்க்காரம், டின் மீன், பிஸ்கட் போன்ற, அதிகபட்சச் சில்லறை விலை அச்சிட்டு வருகிற பொருட்களைக் கொப்பியில் எடுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம் என்பதால் அவற்றில் கடனுக்கென்று விலை ஏற்ற முடியாது. அரிசி, பருப்பு, சீனி, வெங்காயத்தைக் கையில் காசு உள்ள நாளில் மொத்தக் கடையில் எடுங்கள். கடைக்காரருக்கும் வியாபாரம், உங்களுக்கும் மிச்சம். சொன்ன தேதியில் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். அந்த வாக்கு இருந்தால் நெருக்கடியில் கொப்பி திறந்தே இருக்கும்.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்துவத்தை இளையவர்கள் பார்ப்பதே இல்லை. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் தொழிலாளர் தொடங்கிய கூட்டுறவுக் கடை, இலாபத்தை அங்கத்தவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தது. இன்றைய புள்ளித் திட்டத்துக்கு முந்திய வடிவம் அது, ஒரே ஒரு பெரிய வேறுபாட்டோடு: அங்கே வாங்குகிறவர்தான் கடைக்கும் சொந்தக்காரர். உங்கள் பகுதிச் சங்கத்தில் பங்குப் பணம் எவ்வளவு, கடைசியாக எப்போது பங்கிலாபம் கொடுத்தார்கள், அங்கத்தவருக்குத் தனி விலை உண்டா என்று மூன்றையும் கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக இருந்தால் சேரலாம். அரசின் சில்லறைக் கடையான சத்தோசாவில் அங்கத்துவமே தேவையில்லை. சீனி, பருப்பு, டின் மீன் விலையை அங்கே பார்த்துவிட்டு மற்றக் கடைக்குப் போவது எப்போதும் நல்லது.

கடைசியாகப் பில். தட்டில் ஒட்டியிருந்த அங்கத்தவர் விலை பில்லில் ஏறாமல் போவது அடிக்கடி நடக்கிறது; தட்டுச் சீட்டு மாறி, கணினியில் மாறாமல் இருப்பதுதான் காரணம். சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்து, காசு கட்டும் முன் திரையைப் பாருங்கள். வெளியே வந்த பிறகு கேட்பதைவிட அது சுலபம். பில்லில் உள்ள போன் நம்பரின் கடைசி இலக்கங்கள் உங்களுடையவைதானா, புள்ளியின் காலாவதித் தேதி எப்போது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். சிம் மாற்றினால் அன்றைக்கே கடையில் சொல்லி நம்பரை மாற்றுங்கள். பழைய நம்பர் வேறொருவர் கைக்குப் போனால் புள்ளியும் அவரிடம் போகும். திட்டத்தில் சேரப் பெயரும் நம்பரும் போதும். அடையாள அட்டை இலக்கம், சம்பளம், பிள்ளைகளின் பிறந்த தேதி கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அச்சிட்ட விலைக்கு மேல் எடுத்தாலோ, பில் தர மறுத்தாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அழைக்கும்போது கடையின் பெயர், தேதி, நேரம், பொருளின் அச்சிட்ட விலை, எடுத்த விலை இவ்வளவும் கையில் இருக்கட்டும். பொருளின் உறையையும் பில்லையும் எறிந்துவிடாதீர்கள்.